கொலம்பஸுக்கு வாழ்க்கைப்பட்ட பிலிப்பா: கேள்வி பதில்

கேள்வி: கொலம்பஸ் என்றாலே இசபெல்லா ராணிதான் நினைவுக்கு வருகிறார். மனைவி என்று யாராவது இருந்தாரா?

பதில்: இருந்தார். போர்த்துகீசியப் பெண், பிலிப்பா மோனிஸ் பெரெஸ்ட்ரெலோ. கல்யாணம் 1479 வாக்கில். ராணி பணம் கொடுத்தார், இவர் கழுத்தை நீட்டினார்.

கேள்வி: பிரபு குடும்பத்துப் பெண்ணை ஜெனோவா நெசவாளி மகனுக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

பதில்: பெயர் பெரிது, கையிருப்பு சிறிது. அப்பா பார்த்தலோமியூ, அட்லாண்டிக் கடலில் மடெய்ரா தீவுப் பக்கத்துப் போர்ட்டோ சாண்டோ தீவுக்குப் பரம்பரைத் தலைவர். (குடியேறப் போனபோது குட்டி போட்ட முயல் ஒன்றை அங்கே விட்டாராம். அது பெருகி, விதைத்ததையெல்லாம் தின்று தீர்த்தது.) 1457இல் அவர் இறந்ததும் விதவை இசபெல் மோனிஸ் தலைமை உரிமையைக் குடும்பத்து மருமகன் பெத்ரு கொரெயாவுக்கு விற்றுவிட்டார். பிலிப்பா லிஸ்பனில் சாந்தோஸ் மடத்தில் இருந்தார். அங்கே பூசைக்கு வந்த கொலம்பஸ் அவரைப் பார்த்தார். சீதனம் பெரிதாக இருந்திருந்தால் வேறு வரன்தான் அமைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: மாமனார்தான் கொலம்பஸுக்குக் கடல் வரைபடங்களைக் கொடுத்தாராமே?

பதில்: அவர் இறந்து இருபது வருடம் கழித்துத்தானே கல்யாணமே! கொடுத்தவர் மாமியார். மருமகனுக்குக் கடல்மேல் இருந்த ஆசையைப் பார்த்து, கணவர் விட்டுப்போன குறிப்புகளையும் வரைபடங்களையும் எடுத்துக் கொடுத்ததாகக் கொலம்பஸின் இளைய மகன் எர்னாண்டோ எழுதியிருக்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது சகலை சொன்ன சேதி. மேலே சொன்ன அதே கொரெயாதான். மேற்குக் காற்றில் செதுக்கிய மரத்துண்டு ஒன்று போர்ட்டோ சாண்டோவில் கரை ஒதுங்கியது. கூடவே பருத்த மூங்கில் போன்ற தண்டுகள், ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே ஒன்பது குடுவை ஒயின் பிடிக்கும் என்றாராம். மேற்கே நிலம் இருக்கிறது என்ற நினைப்பு மனைவி வீட்டு முற்றத்திலேயே ஊறியிருக்கிறது.

கேள்வி: பிலிப்பா எழுதிய கடிதம், படம் ஏதாவது உண்டா?

பதில்: ஒன்றும் இல்லை. இணையத்தில் சுற்றும் முகங்கள் எல்லாம் கற்பனை.

கேள்வி: அப்புறம் என்ன ஆனார்?

பதில்: ஒரே மகன் டியேகோ. 1485 வாக்கில் கொலம்பஸ் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனார். பிலிப்பா அதற்குள் இறந்துவிட்டார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. பிறகு கொலம்பஸ் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் பெயாத்ரிஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தார், அவரை மணக்கவில்லை. 1488இல் பிறந்த எர்னாண்டோ அவர்கள் பிள்ளை. டியேகோவோ 1509இல் கரீபியன் கடலின் எஸ்பான்யோலா தீவுக்கு ஆளுநரானார்.

பிலிப்பாவைப் புதைத்தது லிஸ்பன் கார்மோ மடாலயத்தில். 1755 பூகம்பத்தில் அதன் கூரை விழுந்தது, திரும்பக் கட்டவே இல்லை. லிஸ்பன் போனால் பாருங்கள்: கல் வளைவுகள் மட்டும் நிற்கும், நடுவே வெறும் ஆகாயம்.