கல்ஹூன் பெயரை எடுத்தது சரியா?

கேள்வி: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 'கல்ஹூன் கல்லூரி' என்ற பெயரை மாற்றிவிட்டார்களாமே? பழைய காலத்து ஆளை இன்றைய கண்ணால் அளக்கலாமா? அப்படிப் பார்த்தால் நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த யேலின் பெயரையே எடுக்க வேண்டுமே!
- வாசகி, கும்பகோணம்

பதில்: கல்ஹூன் பெயரை எடுத்தது சரிதான். அவர் 1804-ல் யேலில் பட்டம் வாங்கியவர், அமெரிக்கத் துணை அதிபர் வரை போனவர். அடிமைகளை வைத்திருந்ததோடு நின்றிருந்தால் அந்தக் காலத்தில் பலரைப் போல ஒருவர் என்று விட்டிருக்கலாம். இவரோ 1837-ல் செனட்டில் எழுந்து, அடிமைமுறை தீமையே அல்ல, நன்மை என்று வாதாடினார். இன்றைய கண் என்கிறீர்கள், அன்றைக்கே அது பாவம் என்று போராடியவர்கள் அதே நாட்டில் இருந்தார்கள். விலங்கு மாட்டப்பட்டவர்களுக்கு அது தவறு என்று தெரிய இருபத்தோராம் நூற்றாண்டு வர வேண்டியிருந்ததா என்ன? அப்புறம், அவர் அந்தக் கட்டடத்துக்காக எதையும் கொடுத்தவர் அல்ல. 1850-ல் இறந்துபோனார், பெயர் வைத்ததோ 1931-ல், அதுவும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுதான்.

கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது மாணவர்கள் தங்கிச் சாப்பிடும் விடுதி என்பதையும் மறக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்து வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில், அடிமைகள் தலையில் பருத்தி சுமந்து போகும் படம் இருந்தது. அங்கே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர் 2016 ஜூனில் துடைப்பக் கட்டையால் அதை உடைத்துவிட்டார். பெயர் மாறாது என்று நிர்வாகம் அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் தினமும் அதற்குக் கீழே நின்று வேலை பார்த்த மனிதரின் மனசை நினைத்துப் பாருங்கள். பிறகு ஒரு குழு போட்டு, கல்ஹூன் முக்கியமாக எதற்காக வாழ்ந்தார், ஏன் அவர் பெயரை வைத்தார்கள் என்றெல்லாம் அலசி, 2017-ல் கிரேஸ் ஹாப்பர் பெயரை வைத்தார்கள். அதே யேலில் 1934-ல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற, கணினித் துறையின் முன்னோடிகளில் ஒருவரான பெண்மணி.

சரி, யேலுக்கு வருவோம். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718-ல் அவர் கொடுத்த ஒன்பது பொதிச் சரக்கையும் 417 புத்தகங்களையும் வாங்கிக்கொண்டுதான், இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் அந்த அமெரிக்கக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர் காலத்தில் இங்கிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளைத் திருடி விற்பது அளவு மீறி, 1688-ல் கோட்டை நிர்வாகமே தடை போட வேண்டியதாயிற்று. லண்டனில் வரைந்த ஓவியம் ஒன்றில், கழுத்தில் உலோக வளையத்தோடு ஒரு சிறுவன் யேலுக்குப் பணிவிடை செய்து நிற்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். முந்நூறு ஆண்டுகளில் அந்தப் பெயர் அங்கே படித்தவர்களுக்கும் பாடம் நடத்தியவர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. என் ஆதங்கம் நம் ஊரைப் பற்றியது. அவர் 1680-ல் கல்யாணம் செய்துகொண்ட புனித மேரி தேவாலயம் கோட்டைக்குள் இருக்கிறது, அவருடைய சிறு மகனின் கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. கப்பலேற்றப்பட்ட நம் ஜனங்களுக்காக அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லாவது நட்டு, நாலு வரி தமிழில் எழுதி வைக்க வேண்டும்.