தினமும் காலையில் ஸ்டாக் கணக்கு காலியாகிறது, வைரஸா?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்களுக்குப் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) பட்டறை இருக்கிறது. 8-க்கு 8, 10-க்கு 10, 12-க்கு 12 என்று அளவு வாரியாக அன்றன்று எத்தனை கல் போட்டோம், எத்தனை வெளியே போனது என்று குறிக்க, டிப்ளமோ படிக்கும் மகன் சி மொழியில் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அன்றைக்குப் பதிவது பதிகிறது; எக்ஸெலில் திறந்தும் பார்க்கிறோம். மறுநாள் புரோகிராமை ஓட்டினால் முந்தைய கணக்கு அத்தனையும் போய், புதிதாகப் போட்ட வரிகள் மட்டும் நிற்கின்றன. சில நாள் புரோகிராம் திறந்த வேகத்தில் தானே மூடிக்கொள்கிறது. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டியபோது, வைரஸ், பழைய கணக்கை மீட்க 6,000 ரூபாய் ஆகும், ஆன்டிவைரஸுக்குத் தனி என்றார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் எதுவும் வைரஸுடையது இல்லை. மகனை அந்தப் புரோகிராமில் ‘எஃப்ஓப்பன்’ என்று வரும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் முதலில் ஃபைலின் பெயர் இருக்கும். கமாவுக்குப் பிறகு இரட்டை மேற்கோளுக்குள் ஓர் எழுத்து இருக்கும். அது ‘டபிள்யூ’ என்றால் உங்கள் கணக்கை அழிப்பது அந்த எழுத்துதான்.

எஃப்ஓப்பன் ஒரு ஃபைலை ஸ்ட்ரீமாக, அதாவது புரோகிராம் படிக்கவும் எழுதவும் ஒரு வழியாக, திறந்து கொடுக்கிறது. எதற்காகத் திறக்கிறோம் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. ‘ஆர்’ படிக்க மட்டும். ஃபைல் இல்லாவிட்டால் திறக்காது. ‘ஏ’ கடைசி வரிக்குக் கீழே எழுத. ஃபைல் இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். ‘டபிள்யூ’ புதிதாக எழுத. ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அதன் நீளத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத்தான் கையில் கொடுக்கும். பழைய பேரேட்டின் தாளையெல்லாம் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் நீட்டுவது போல. நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம், திறந்த நொடியிலேயே எல்லாம் போய்விடும்.

ஆக, டபிள்யூவை எடுத்துவிட்டு ஏ போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான். மகன் ‘டபிள்யூ பிளஸ்’ போட்டுப் பார்க்கலாம் என்பான், விடாதீர்கள். பிளஸ் என்றால் பழையதோடு சேர்ப்பது என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எழுதவும் படிக்கவும் இரண்டுக்கும் அனுமதி என்பதுதான் அதன் பொருள். டபிள்யூ பிளஸும் ஃபைலைக் காலி செய்துவிட்டுத்தான் திறக்கும்.

இப்போது அந்த 6,000 ரூபாய். ஃபைல் கெட்டுப்போகவில்லை, உங்கள் புரோகிராம் உத்தரவிட்டு அழித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) இருந்தால், அழிந்த இடத்தை அது தானாகவே துடைத்துக்கொள்ளும். மீட்க வழி அனேகமாக இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, ஆனால் தினமும் அதில் வேலை நடப்பதால் அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்பட்டிருக்கும். முதலில் நீங்களே அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். அந்த வசதி முன்பே ஆன் செய்யப்பட்டிருந்தால் பழைய நகல் கிடைக்கும். அதற்குப் பிறகும் கடைக்குத்தான் போவீர்கள் என்றால், மீட்ட வரிகளைத் திரையில் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். முன்பணம் கேட்பவரிடம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டாக் கணக்கு காணோம் என்பவருக்கு ஆன்டிவைரஸ் விற்பது, கால் வலி என்று வந்தவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலை.

தானே மூடிக்கொள்வது வேறு கோளாறு. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: எக்ஸெல். எக்ஸெலில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்போது வேறு யாரும் அதில் எழுத முடியாதபடி விண்டோஸ் தடுத்துவிடும். அப்போது எஃப்ஓப்பன் ஸ்ட்ரீமுக்குப் பதிலாக ‘நல்’ என்ற வெறுமையைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் அடுத்த வரியில் எழுதப்போனால் புரோகிராம் விழுந்துவிடும். திறந்த கையோடு, கிடைத்தது ‘நல்’தானா என்று ஒரு ‘இஃப்’ போட்டு, நல் என்றால் ‘பிஎரர்’ அழைத்துக் காரணத்தைத் திரையில் காட்டிவிட்டு, அங்கேயே நிறுத்த வேண்டும். ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் எக்ஸெலை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால் ஃபோல்டரின் பாதை தப்பு.

இந்த இரண்டு வரியை மகனுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லேபில் இன்னமும் டாஸ் காலத்து டர்போ சி என்ற பழைய மென்பொருளை, டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமும் அவுட்புட்டும் இருந்தால் மார்க். ‘நல்’ வந்ததா என்று பார்த்தாயா என யாரும் கேட்பதில்லை. இந்த லட்சணத்தில், ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று ஊருக்கு ஊர் விற்கும் சென்டர்காரர்கள் ஒரே புரோகிராமில் பெயரை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். அதில் டபிள்யூ இருந்தால் வாங்கியவர் எல்லார் வீட்டிலும் டபிள்யூ. மகன் தானே எழுதியது உங்கள் நல்ல காலம், திருத்த முடிகிறது.

பாதையைப் பற்றி. வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், எந்த ஃபோல்டரில் இருந்து புரோகிராம் ஓடுகிறதோ அங்கே தேடும். எக்ஸ்இ-யை (ஓட்டுவதற்கு டபுள் கிளிக் செய்யும் புரோகிராம் ஃபைலை) டெஸ்க்டாப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தால் அங்கே அதே பெயரில் இன்னொரு ஃபைல் முளைக்கும். பாதி கணக்கு இங்கே, பாதி அங்கே. ஆகவே முழுப் பாதையைக் கொடுங்கள். கொடுக்கும்போது பேக்ஸ்லாஷ் வேண்டாம்: சி மொழியில் மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷை அடுத்து சின்ன ‘டி’ வந்தால் அது டேப், ‘என்’ வந்தால் புது வரி. ‘டைல்ஸ்’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். முன்சாய்வுக் கோடு போட்டால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

ஏ-யில் ஒரே ஒரு சங்கடம் உண்டு, அது உங்களுக்கு நிச்சயம் வரும். நேற்று 10-க்கு 10 கல் 100 என்று பதிந்தீர்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கும்போது 15 உடைந்துவிட்டது. நேற்றைய வரியை 85 என்று மாற்ற வேண்டும். ஏ-யில் முடியாது. ‘எஃப்சீக்’ வைத்து எந்த இடத்துக்கு நகர்ந்தாலும், எழுதும்போது கடைசிக்குத்தான் போகும். சரி, ‘ஆர் பிளஸ்’ போடலாம் என்பான் மகன். ஆர் பிளஸ் ஃபைலை அழிக்காது, நடுவில் எழுதவும் விடும். ஆனால் நடுவில் நுழைக்காது, இருப்பதன் மேலேயே எழுதும். 100 என்ற மூன்று எழுத்தின் மேல் 85 என்று இரண்டு எழுத்து எழுதினால், கடைசிப் பூஜ்ஜியம் அப்படியே நிற்கும். 850 கல். ஒவ்வோர் எண்ணையும் ஆறு இடம் ஒதுக்கி எழுதினால் இது தீரும். அப்போதும், படித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரீமில் எழுதத் தொடங்கும் முன் ஒரு எஃப்சீக் கட்டாயம். விட்டால் எழுத்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. இந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதற்கு? கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் பழைய வரியைச் சுரண்ட மாட்டார்கள், எதிர்ப்பதிவு போடுவார்கள். ‘உடைசல், 10-க்கு 10, கழித்தல் 15’ என்று கீழே புதிய வரி. கூட்டும்போது 85 வரும், எத்தனை உடைந்தது என்ற கணக்கும் கையில் இருக்கும். அதற்கு ஏ-யே போதும்.

எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, நினைவகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கரன்ட் போனால் அதுவும் போகும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு, தங்கியதை வெளியே தள்ளும் ‘எஃப்ஃப்ளஷ்’, முடிந்ததும் ஃபைலை மூடும் ‘எஃப்குளோஸ்’ போடச் சொல்லுங்கள். சாயங்காலம் பட்டறை மூடும்போது ஃபைலைத் தேதி போட்டு ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள்.

திருத்திய பிறகு மறுபடி கம்பைல் செய்தால்தான் மாற்றம் எக்ஸ்இ-க்கு வரும். பழைய எக்ஸ்இ எங்கெங்கே கிடக்கிறது என்று தேடி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். கணக்கு இருக்கும் ஃபோல்டரில் அதில் ஒன்று மிஞ்சியிருந்து, பட்டறை ஆள் யாராவது தெரியாமல் அதை டபுள் கிளிக் செய்தால், ஏ-யில் சேர்த்து வைத்த கணக்கையும் அது ஒரே திறப்பில் காலி செய்துவிடும்.