வேகம் கூட்டும் ப்ரொப்பெல்லர் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஜக்கூர் விமானத்தளத்தில் 1978 மாடல் செஸ்னா 172என் என்ற சின்ன விமானம் வைத்திருக்கிறேன். 160 எச்பி. கோடையில் தரையை விட்டு எழும்ப ரொம்ப தூரம் ஓடுகிறது. இப்போதுள்ள ப்ரொப்பெல்லரின் பிட்ச் 57 அங்குலம். 60 போட்டால் 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) வேகம் கூடும் என்கிறார் ஒரு தரகர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குக் கால்வலி, அவர் விற்பது பல்பொடி.

57 அங்குலப் பிட்ச் என்றால், மரத்தில் ஸ்க்ரூ இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு 57 அங்குலம் முன்னேறும் என்பது கணக்கு. 2500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2500 சுற்றில், அது 117 நாட். 60 அங்குலத்துக்கு 123. காகிதத்திலேயே ஆறுதான் கூடுகிறது, அதுவும் எஞ்சின் அதே 2500 சுற்றினால். சுற்றாது. டாப் கியரில் மேடு ஏறும் புல்லட் மாதிரி முக்கும். உங்கள் 160 எச்பி முழுதாகக் கிடைப்பது 2700இல்தான். பிட்ச் கூடினால் டேக் ஆஃப் இன்னும் நீளும்.

முதலில் ஒரு சோதனை. காற்றில்லாத காலையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முழு த்ராட்டில் வையுங்கள். விமானத்தின் கையேட்டின்படி ஆர்பிஎம் 2280 முதல் 2400 வரை வர வேண்டும். முள்ளை நம்பாதீர்கள். சுற்றைக் காட்டும் பழைய கேபிள் டாக்கோமீட்டர்கள் பெரும்பாலும் குறைத்தே காட்டும். ஒளியால் அளக்கும் கருவியை ஏஎம்இயிடம் (விமானப் பராமரிப்பு எஞ்சினியர்) கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

ஜக்கூருக்கு மட்டும் ஒரு விஷயம். அது ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, உங்கள் விமானத்துக்கு அது 6000 அடி உயரம் மாதிரி. அங்கே மிக்சரை லீன் செய்யாமல் (காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைக்காமல்) பார்த்தால் ஆர்பிஎம் குறைவாகத் தெரியும், பழி ப்ரொப்பெல்லர் மேல் விழும். லீன் செய்தால் ஆர்பிஎம் சரியாகவே வரும், ஆனால் முன்னே இழுக்கும் பலம் வராது! எஞ்சினுக்கு மூச்சு குறைவு, ப்ரொப்பெல்லர் கடிக்கும் காற்றும் மெலிவு. இரண்டும் சேர்ந்து குறைவதால் முள் அசையாது. முள் சரியாக நின்றால் பிட்ச்சை மறந்துவிடுங்கள். அது வெயிலின் வேலை.

அப்புறம் தரகர். பழைய ப்ரொப்பெல்லருக்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஒரு மதியம் போதும். ஹப்பில் (நடுக்குடத்தில்) 57 என்று குத்தியிருந்ததை வாங்கி அளந்தபோது கோணம் வேறாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எப்போதோ யாரோ முறுக்கியிருக்கிறார்கள், எழுத்தை மாற்றவில்லை. நுனியை வெட்டியிருந்தாலும், அராவித் தேய்த்திருந்தாலும் ஆர்பிஎம் ஏறும், பிட்ச் குறைந்ததுபோலத் தோன்றும்.

உங்கள் மாடலின் டைப் சர்டிஃபிகேட்டில் (அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல் சான்று) இல்லாத பிட்ச்சை மாட்டத் தனி அனுமதி வேண்டும். அந்த ஒரு தாள் எத்தனை மேசையில் தூங்கும் என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. “பேப்பர் அப்புறம் வரும்” என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சோதனையில் 2350 வந்தால், அரை டேங்க் பெட்ரோலோடு காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். எவ்வளவு தூரம் ஓடியது என்று குறித்து அனுப்புங்கள்.