ஸ்டூடண்ட் விசாவில் போய் நர்ஸாகச் சேரலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஸ்டூடண்ட் விசாவில் யு.கே. போய் எம்.எஸ்சி. சேர்ந்தால், படித்துக்கொண்டே நர்ஸாக வேலை பார்க்கலாம், ஆறே மாதத்தில் வொர்க் விசாவுக்கு மாறிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். அப்பா நாலு மா நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். நம்பலாமா?

பதில்: பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆறு மாதக் கதை நடக்காது. 2023 ஜூலை 17 முதல், எம்.எஸ்சி. மாதிரியான படிப்பில் இருப்பவர்கள் அதை முடிக்காமல் வொர்க் விசாவுக்கு மாற முடியாது. பழைய விதியை வைத்து இன்னமும் ஆள் பிடிக்கிறார்கள்.

நர்ஸ் வேலைக்கு வருவோம். விசா வேறு, பதிவு வேறு. அங்கே நர்ஸாக வேலை பார்க்க அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். நம் தமிழ்நாடு கவுன்சில் பதிவு மட்டும் போதாது. ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சொல்லும் ‘ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட்’ மாதிரிப் படிப்பை முடித்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது. அதுவரை ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்தான்: குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. மட்டமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வென்டிலேட்டர் பார்த்த கைக்கு உரிய வேலை அதுவல்ல.

அதுவும் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். அங்கே ஷிப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம். இரண்டு பார்த்தாலே 24 ஆகிவிடும், விதிமீறல். போன வாரம் பார்க்காத மணியை இந்த வாரம் சேர்த்துக்கொள்ள முடியாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் கூட்டித்தான் கணக்கு. எம்.எஸ்சி.யில் கோடையில் ஆய்வேடு எழுதும் மாதங்களை லீவு என்று நினைத்து முழுநேரம் போகிறவர்களும் உண்டு. அதுவும் படிப்புக் காலம்தான். மீறினால் விசா ரத்தாகலாம், அடுத்த விண்ணப்பத்திலும் அது துரத்தும். 2025 ஏப்ரல் நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, வாரம் 244 பவுண்டு சுமார். வாடகை, சாப்பாடு போக, அப்பாவின் வட்டியை எதில் கட்டுவீர்கள்?

நேர் வழி உங்களுக்கே திறந்திருக்கிறது. அந்தப் பதிவுக்கு முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5; இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு சி பிளஸ், மற்ற மூன்றுக்கும் பி. என் யோசனை ஓ.இ.டி.தான். அதில் வருவதெல்லாம் நீங்கள் தினம் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பேச்சு. அப்புறம் சி.பி.டி. என்ற நர்சிங் கம்ப்யூட்டர் தேர்வு, அதை இங்கிருந்தே எழுதலாம். வேலை கிடைத்ததும் ஹெல்த் அண்ட் கேர் விசா என்ற வொர்க் விசாவில் போய் ‘ஆஸ்கி’ செய்முறைத் தேர்வு. மாணவர்கள் வருடத்துக்கு 776 பவுண்டு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் இந்த விசாவுக்குக் கிடையாது.

ஆள் எடுப்பு அறிவிப்புகளுக்கு, தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைப் பாருங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். உங்களவர் எவ்வளவு கேட்டார்?