கள்வன் என்ன கிரியை செய்தான்? விசுவாசம், கிரியை பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது மனதில் எழுந்த கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை. வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது அதுதான்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். ரோமர் 3:28-ல் பவுல், மனுஷன் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு 2:24-ல், விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று இருக்கிறது. இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

தம்பி, வந்த கேள்விகளில் பாதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பவுல் ஆதியாகமம் 15-ல் நிற்கிறார். ஆபிரகாமுக்குப் பிள்ளை இல்லை. வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் தேவன். அவன் நம்புகிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அவ்வளவுதான் நடந்தது. அவன் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டது 99-ஆம் வயதில், 17-ஆம் அதிகாரத்தில். எண்ணப்பட்டது அதற்கு முன்பே என்பதுதான் ரோமர் 4-ல் பவுலின் வாதத்துக்கு ஆணிவேர். புறஜாதிக்காரன் முதலில் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டு யூதனாக மாறினால்தான் தேவனுடைய ஜனத்தில் சேர முடியும் என்று சொன்னவர்களுக்குப் பதிலாக அதைச் சொல்கிறார்.

யாக்கோபோ ஆதியாகமம் 22-க்குப் போகிறார், ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய மலைக்கு. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86, ஈசாக்கு பிறந்தபோது 100. அந்த ஈசாக்கு விறகுக்கட்டைத் தோளில் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். அப்படியென்றால் நட்சத்திரங்களைப் பார்த்த இரவுக்கும் இந்த மலைக்கும் நடுவே இருபது வருஷமாவது போயிருக்கும். யாக்கோபு 15-ஆம் அதிகாரத்தை மறுக்கவே இல்லை. ‘ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான்’ என்ற அதே வசனத்தை எடுத்து, அது இந்த மலையில் நிறைவேறியது என்கிறார். அன்று எண்ணப்பட்ட விசுவாசம் உயிருள்ளதுதான் என்று இங்கே தெரிந்தது.

அப்புறம், யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ‘கிறிஸ்து மட்டும் போதாது, இன்னும் என்ன சேர்க்க வேண்டும்?’ என்று கேட்கிறவனிடம் பவுல் பேசுகிறார். ‘எனக்குத்தான் விசுவாசம் இருக்கிறதே, இன்னும் என்ன?’ என்று உட்கார்ந்திருக்கிறவனிடம் யாக்கோபு பேசுகிறார். யாக்கோபு கேட்கிற கிரியை எது என்பதும் 2-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது: வஸ்திரமில்லாமலும் அன்றாட ஆகாரமில்லாமலும் இருக்கிற சகோதரனிடம் ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி அனுப்பாமல், சாப்பாடு கொடுப்பது. விருத்தசேதனத்தைப் பற்றி இந்த நிருபத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இன்னொன்று உண்டு. இந்த இருவரும் நேரிலேயே சந்தித்திருக்கிறார்கள். கலாத்தியர் 2-ஐப் படியுங்கள். நிருபத்தை எழுதியவர் என்று சபை தொன்றுதொட்டுச் சொல்லிவரும் கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு, கேபா என்ற பேதுருவோடும் யோவானோடும் சேர்ந்து பவுலுக்கு வலதுகை கொடுத்து அனுப்புகிறார். பவுலின் சுவிசேஷத்தில் எதையும் திருத்தவில்லை. ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: ‘தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படிக்குமாத்திரம் சொன்னார்கள்’. உடனே பவுல் எழுதுகிறார், அதைச் செய்ய முன்னமே நானும் கருத்துள்ளவனாயிருந்தேன் என்று.

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தார். 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுவதும் அதைப் பற்றித்தான். ‘விசுவாசத்தினாலேயே’ என்று ரோமருக்கு எழுதிய அதே கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில், அந்தப் பணத்தோடு எருசலேமுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார். போனார், யாக்கோபைப் பார்த்தார், சில நாட்களில் தேவாலயத்தில் பிடிபட்டார். அதன்பின் வருஷக்கணக்காகச் சிறைதான். கிரியையினால் இரட்சிப்பு இல்லை என்று அடித்துச் சொன்ன மனிதர், ஏழைகளின் பணத்தைச் சேர்ப்பிக்கப் போன இடத்தில் தன் சுதந்திரத்தையே இழந்தார். அந்தக் கிரியையினால் தேவனிடத்தில் தனக்கு ஒரு இடம் வாங்க அவர் போகவில்லை, இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எருசலேமில் பசி இருந்தது, அதனால் போனார். விசுவாசம் தேவனைப் பார்க்கிறது, கிரியை அடுத்தவனைப் பார்க்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றி வைக்கும்போதுதான் குழப்பமே வருகிறது.

கேள்வி: யாக்கோபு 2:19-ன்படி பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்றால் அதுவும் விசுவாசமா?

தேவன் ஒருவர் உண்டு என்பது அவைகளுக்குத் தெரியும். தெரிந்ததனால் பயம் வருகிறது, அவரை அண்டிப்போக மனம் வரவில்லை. பவுல் சொல்லும் விசுவாசம் அவர்மேல் சாய்வது.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்வன் எந்த நற்கிரியையும் செய்யாமலே பரதீசுக்குப் போனானே? அப்படியானால் கடைசி நேரத்தில் மனந்திரும்பினால் போதும் என்று என் அண்ணன் சொல்கிறார்.

கள்வனைப் பற்றி உங்கள் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. அவன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, காணிக்கை போடவில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கையும் காலும் ஆணியில் இருந்தன. அவனுக்குச் சொல்லப்பட்டது ‘இன்றைக்கு’ என்ற வார்த்தை. கிருபைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மற்றவனைக் கடிந்துகொண்டதை அவனுடைய நற்கிரியைக் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள் சிலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவனிடமிருந்து அந்த இலவசத்தைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். கள்வனுக்கு மிச்சமிருந்தது சில மணி நேரம். அதிலும் நாவு ஒன்றைத்தான் அசைக்க முடிந்தது, அதைக்கொண்டு இயேசுவை அறிக்கையிட்டான். அண்ணனுக்கு நாளைக் காலை இருக்கலாம், கையும் காலும் நன்றாக இருக்கின்றன. மன்னிப்பைக் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடத் திட்டம் போடுகிற மனசுக்கு, அந்த மன்னிப்பு உண்மையில் வேண்டுமா என்பதுதான் என் பயம்.

கேள்வி: லூத்தர் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று சொன்னாராமே? எங்கள் சபை லுத்தரன் சபை, அதனால் கேட்கிறேன்.

சொன்னார். 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், ரோமர், கலாத்தியர் போன்றவற்றோடு ஒப்பிட்டு அப்படி எழுதினார். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை. நிருபத்தை வேதாகமத்திலிருந்து அவர் நீக்கவும் இல்லை, கடைசிப் பக்கம் தள்ளி வைத்தார், அவ்வளவுதான். அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நன்மை செய்யாமல் இருக்கவே அதனால் முடியாது என்று அவர் எழுதியதை யாக்கோபே படித்திருந்தால் ஆமென் சொல்லியிருப்பார்.

1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். அந்த ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் நடத்திக்கொண்டிருந்தார். ‘விசுவாசத்தினாலே மட்டும்’ என்பதில் ஒரு அணுவும் விட்டுக்கொடுக்காதவர்கள் அவர்கள். உங்கள் சபைக்கு வேர் அங்கே இருக்கிறது.

கேள்வி: என் மகளுக்குக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வரன் வந்திருக்கிறது. அவர்கள் கிரியையினால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள், வேண்டாம் என்கிறார் என் மாமனார். உண்மையா?

அவர்களுடைய போதனை அது இல்லை, அம்மா. 1547-ல் அவர்களுடைய திரிதெந்து சங்கம் என்ற ஆயர்கள் பேரவை நீதிமானாக்கப்படுதல் பற்றிப் போட்ட முதல் விதியே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பவன் சபிக்கப்பட்டவன் என்பதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினாலேயே, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006-ல் மெதடிஸ்ட் சபைகளும் அதில் இணைந்தன.

வித்தியாசம் இல்லாமலும் இல்லை. கிருபையினால் செய்யும் நற்கிரியை அந்த நீதியில் மனிதனை வளரச் செய்கிறது, அதற்குப் பலன் உண்டு என்பது அவர்கள் போதனை. நீதிமானாக்கப்படுவது ஒரே தீர்ப்பு, கிரியை அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது என்பது நம்முடையது. இது சின்ன விஷயம் இல்லை. மரியாள், புனிதர்கள், பாப்பரசர் என்று வேறு கேள்விகளும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பே பையனும் பெண்ணும் உட்கார்ந்து பேசட்டும், பிறக்கப்போகும் பிள்ளைகளை எந்தச் சபையில் வளர்ப்பது என்பது உட்பட. ஆனால் மாமனார் சொல்கிற காரணத்துக்காக வரனைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: தசமபாகம் கொடுக்காததால்தான் என் வியாபாரம் விழுந்தது என்று ஒரு ஊழியக்காரர் சொன்னார். கடன் வாங்கியாவது கொடு, கர்த்தர் திருப்பித் தருவார் என்கிறார். கொடுக்கட்டுமா?

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறேன். ஆசீர்வாதத்தை விலைக்கு வாங்கலாம் என்று நினைக்கும் இடத்திலேயே கிருபை கைநழுவிவிட்டது. கிறிஸ்து சிலுவையில் கொடுத்ததற்கு மேல் உங்கள் கடையின் வருமானத்தில் பத்தில் ஒன்று எதைச் சேர்த்துவிடும்? மல்கியா 3-ல் ஜனங்களுடைய தசமபாகம் ஆலயத்தின் பண்டசாலைக்குப் போனது. நியாயப்பிரமாணத்தின்படி தசமபாகத்தில் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பங்கு இருந்தது. கொடுங்கள், சந்தோஷமாக, கையில் இருப்பதிலிருந்து. ‘உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்’ என்றுதான் பவுல் எழுதினார்.

இன்னொன்று. வியாபாரம் விழுந்ததில் கடைப் பையன்களுக்குச் சம்பளம் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டியது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. அந்தப் பாக்கி இருக்கும்போது காணிக்கைக் கவரில் போடும் பணம் அவர்களுடைய பணம்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர் இல்லை. ஆனால் எங்கள் சபையில் யாரும் செய்யாத உதவியை எல்லோருக்கும் செய்கிறார். அவருடைய நற்கிரியைக்கு மதிப்பே இல்லையா?

உதவி பெற்றவர்களைக் கேளுங்கள், எவ்வளவு மதிப்பு என்று சொல்வார்கள். தேவனும் அதைக் கவனிக்கிறார். அப்போஸ்தலர் 10-ல் கொர்நேலியு கிறிஸ்துவை அறியாதபோதே அவனுடைய ஜெபமும் தானதருமங்களும் தேவனுக்கு முன்பாக எட்டின என்று தூதன் சொன்னான். ஆனாலும் பேதுருவை வரவழைத்து இயேசுவைப் பற்றிக் கேட்கச் சொன்னான். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் நியாயத்தீர்ப்பு உங்கள் கையிலோ என் கையிலோ இல்லை. அவருக்கு நன்றி சொல்வதும், அவரோடு சேர்ந்து உதவி செய்வதும், கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்வதும் நம் கையில் இருக்கின்றன.

கேள்வி: மத்தேயு 25-ல் பசித்தவனுக்குச் சோறு கொடுத்தவர்கள்தானே ராஜ்யத்துக்குள் போகிறார்கள்? விசுவாசம் பற்றிக் கேள்வியே இல்லையே?

அந்த நீதிமான்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். ‘ஆண்டவரே, எப்பொழுது?’ என்று கேட்டார்கள். அவர்களிடம் கணக்கே இல்லை. இதை மத்தேயு 7:22-ன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே ஒரு கூட்டம் முழுப் பட்டியலோடு வருகிறது: உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம். ‘ஒருக்காலும் உங்களை அறியவில்லை’ என்று கேட்டுப் போகிறது. பட்டியல் வைத்திருந்தவர்கள் வெளியே, பட்டியலே போடாதவர்கள் உள்ளே. கிரியையைக் காட்டி இடம் கேட்கலாம் என்பதற்கு இந்த அதிகாரம் துணை நிற்காது. பசித்தவனைத் தாண்டிப் போகலாம் என்பதற்கும் துணை நிற்காது.

கேள்வி: மூன்று வருஷம் குடிக்காமல் இருந்தேன், சாட்சிகூடச் சொன்னேன். இப்போது மறுபடி விழுந்துவிட்டேன். என் விசுவாசம் செத்த விசுவாசம்தானா?

தம்பி, செத்தவனுக்கு வலிக்காது. உங்களுக்கு வலிக்கிறது.

பேதுரு மூன்று தரம் மறுதலிக்கப்போகிறான் என்று தெரிந்தே ஆண்டவர், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றார். நடக்கப்போகும் விழுகையைச் சொல்வதற்கு முன்பே அந்த ஜெபத்தைச் சொன்னார், லூக்கா 22-ல் வரிசை அப்படித்தான். உங்களைத் தாங்குவதும் அந்த ஜெபம்தான், உங்கள் மூன்று வருஷ வைராக்கியம் இல்லை. விழுந்ததால் அந்த மூன்று வருஷமும் பொய்யாகிவிடவில்லை.

ஆனால் தனியாக ஜெபித்துச் சரிசெய்துவிடலாம் என்று அறைக்குள் பூட்டிக்கொள்ளாதீர்கள். தினமும் அதிகமாகக் குடிக்கிறவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். குடிநோயாளிகள் சேர்ந்து நடத்தும் ஏஏ கூட்டம் உங்கள் ஊரில் இருந்தால் போங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள். இப்போது உங்களிடம் கேட்கப்படும் கிரியை இவ்வளவுதான்.

கேள்வி: அம்மா இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். ஆலயத்துக்குப் போக முடியவில்லை, ஆண்டவருக்காக ஒன்றும் செய்யவில்லையே என்று அழுகிறார். என்ன சொல்வது?

மாற்கு 14:8-ஐ வாசித்துக் காட்டுங்கள், சகோதரி. பரிமளதைலம் ஊற்றிய பெண்ணைப் பற்றி இயேசு, ‘இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்’ என்றார். இயலாததை அவர் கேட்கிறவர் இல்லை. அம்மாவுக்கு யார் யாருடைய பெயர் ஞாபகத்தில் இருக்கிறதோ, அவர்களுக்காக ஜெபிக்கட்டும். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உங்கள் போதகர் ஐயாவிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார். அப்புறம், இரண்டு வருஷமாக அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிற நீங்களும் ஆலயத்துக்குப் போக முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். வியாதியாயிருந்தவரை விசாரித்தது மத்தேயு 25-ல் இருக்கிறது.

கேள்வி: எங்கிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம்?

முதலில் கலாத்தியர், ஆறு அதிகாரம். மறுநாள் யாக்கோபு, ஐந்து அதிகாரம், மொத்தம் 108 வசனம்தான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். பிறகு எபேசியர் 2:8 முதல் 10 வரை. பலர் 9-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், நீங்கள் 10-ஐயும் வாசியுங்கள். அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாம்.