ஏரிக்கரையா, மேட்டு இடமா? கூடாரம் போட இடம் பார்ப்பது எப்படி

கேள்வி: நாங்கள் நாலு பேர். பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. முதல்முறையாகக் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கப்போகிறோம். இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, சிறு ஓடை ஒன்று ஏரியில் வந்து கலக்கும் இடத்தில் உள்ள புல்வெளி. கூடாரத்தை விட்டு இறங்கினால் தண்ணீர், பின்னால் மலை, படத்தைப் பார்த்தாலே மனசு போய்விடுகிறது. இன்னொன்று அதற்கு மேலே, சரிவின் நடுவில் மரங்களுக்கு இடையே உள்ள சமதரை. அங்கிருந்து ஏரி மர இடுக்குகளில்தான் தெரியும். கரைக்கு இறங்கப் பத்து நிமிடம் ஆகும். காட்சிக்காகத்தானே போகிறோம், முதல் இடத்தையே எடுத்துக்கொள்ளலாமா? நேரில் போனபிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டாவது இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்குப் பகலில் இறங்கிப் போங்கள். அங்கேயே நாற்காலி போட்டு உட்காருங்கள், சாப்பிடுங்கள், பிள்ளைகளோடு தண்ணீரில் காலை நனையுங்கள். தூங்க மட்டும் மேலே ஏறி வந்துவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பலரும் சறுக்குவது இங்கேதான். கண் திறந்திருக்கும்போது வேண்டியதும் கண்ணை மூடியபிறகு வேண்டியதும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். பார்க்க ஒரு இடம், படுக்க ஒரு இடம் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கூடாரத்துக்குள் நாம் இருக்கும் நேரத்தில் பெரும்பங்கு இருட்டு. அந்த நேரத்தில் ஏரியின் அழகு உங்களுக்குக் கிடைக்காது. ஏரிக்கரையின் ஈரம், குளிர், கொசு மட்டும் விடியும்வரை கூடவே இருக்கும்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு வரி: 'ஓடை வந்து கலக்கும் இடத்தில் உள்ள புல்வெளி.' மேடும் பள்ளமுமான மலை நாட்டில் அந்த ஓர் இடம் மட்டும் ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதைச் சமமாக்கியது ஓடையேதான். வெள்ளம் வரும்போதெல்லாம் மலையிலிருந்து கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு வந்து, சரிவு முடியும் இடத்தில் விசிறி மாதிரி பரப்பிவிட்டுப் போகும். வண்டல் விசிறி என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்திருப்பீர்கள். புல் முளைத்துவிட்டால் பார்க்க அருமையான மைதானம். ஆனால் அது ஓடையின் சொந்த இடம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம்.

1996 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஸ்பெயினில், பிரனீஸ் மலையடிவாரத்தில் பியேஸ்காஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட ஒரு வண்டல் விசிறியின்மேல் அமைந்திருந்த முகாம் மைதானத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மேலே மலையில் கொட்டிய மழை, சிறிய ஓடை ஒன்றின் வழியாகக் கல்லும் சேறுமாக இறங்கியது. 87 பேர் இறந்துபோனார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களும் நம்மைப் போல அழகான, சமமான ஓர் இடத்தைப் பார்த்துத்தான் தங்கினார்கள் என்பதால் சொல்கிறேன். ஓடை எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்து எடை போடாதீர்கள். அதற்கு மேலே எவ்வளவு மலை இருக்கிறது என்று பாருங்கள். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பெய்த மழை ஓடை வழியாக வந்து சேரும்.

வெள்ளம் வந்துபோன இடம் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகும். கரையோரப் புதர்களின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில் காய்ந்த வைக்கோலும் சுள்ளியும் பிளாஸ்டிக் துண்டும் கிளைகளில் சிக்கி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மரத்தின் அடிப்பட்டையில் சேற்றுக்கோடு இருக்கும். புல்லுக்கு நடுவே மழமழவென்று உருண்ட கற்கள் கிடக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அங்கே கூடாரம் போடாதீர்கள். தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது.

ஆபத்தே இல்லாத ஏரிக்கரை என்றாலும் அங்கே படுப்பதற்கு நான் யோசிப்பேன். ஒருமுறை தண்ணீருக்கு மிக அருகில், பள்ளமான ஒரு புல்தரையில் கூடாரம் போட்டேன். மழை ஒரு துளி இல்லை. விடியற்காலையில் நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து விழித்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். தோள் உரசிய இடத்தில் படுக்கைப் பை நனைந்து கனத்துக் கிடந்தது. நாம் விடும் மூச்சின் ஈரமும் ஏரியின் ஈரமும் சேர்ந்து, குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடுகிறது. அன்று வெளியே வந்து மேட்டில் இருந்த கூடாரத்தைத் தொட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட உலர்ந்திருந்தது.

குளிரும் அப்படித்தான். உயரம் கூடக் கூடக் குளிரும், 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் காற்றில்லாத, தெளிந்த வானமுள்ள இரவில் ஒரே பள்ளத்தாக்குக்குள் இது தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஏரிக்கரையைவிடச் சற்று மேலே, சரிவின் நடுவில் உள்ள உங்கள் இரண்டாவது இடம் ராத்திரியில் கதகதப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்காக முகட்டின் உச்சிக்கே போய்விடாதீர்கள். அங்கே காற்று பிய்த்து எடுக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கூடாரத்தின்மேல் அது கொடுக்கும் அழுத்தம் நாலு மடங்காகும். முளை பிடுங்கிக்கொள்வதும் கம்பி வளைவதும் அங்கேதான். அடிவாரமும் வேண்டாம், உச்சியும் வேண்டாம், இடைப்பட்ட தளம்தான் நல்லது.

சரி, இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டீர்கள். மூட்டையைப் பிரிக்கும் முன் முதல் வேலை, அண்ணாந்து பார்ப்பது. மரங்களுக்கிடையே தங்குகிறவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், விழுவது மேலிருந்துதான். பட்டுப்போன மரம், பட்டை உரிந்து வெளுத்த கிளை, ஒடிந்து வேறொரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் கொம்பு, இவற்றின் கீழே படுக்கக்கூடாது. காற்றில்லாத ராத்திரியிலும் அவை விழும். பட்ட மரம் என்றால் அதன் உயரத்துக்கும் அதிகமான தூரம் தள்ளிப் போங்கள். அடுத்து, மேல்சரிவைப் பாருங்கள். புதிதாக உடைந்த, கூர்முனையுள்ள கற்கள் தரையில் கிடந்தால் அவை மேலிருந்து வந்தவை.

வெட்டவெளியில் தனியாக ஓங்கி நிற்கும் ஒற்றை மரம் படத்துக்கு நன்றாக இருக்கும், இடிக்கு ஆகாது. கூடாரமும் மின்னலிலிருந்து காப்பாற்றாது. இடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தாலே காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் அதனால்தான் இடத்தேர்வில் ஒரு விஷயம்.

மேலே பார்த்தாயிற்று, இனி தரை. இதற்கு ஒரே ஒரு சோதனைதான் நான் நம்புவது: படுத்துப் பாருங்கள். தரைவிரிப்பை மட்டும் விரித்து, நாலு பேரும் எப்படிப் படுக்கப்போகிறீர்களோ அப்படியே ஐந்து நிமிடம் படுங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது சமமாகத் தெரிந்த இடம், படுத்ததும் தலைப்பக்கம் இறங்குகிறது என்று சொல்லிவிடும். முதுகுக்குக் கீழே ஒரு வேர் குத்தும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, ஆனால் எந்தக் கல் எங்கே குத்துகிறது என்று அவர்களைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை. தண்ணீர் பாட்டிலைக் கிடத்தினால் எந்தப் பக்கம் உருளுகிறது என்று தெரியும். லேசான சரிவு தப்பில்லை, மழைநீர் வடிய அது வேண்டும்கூட. தலையை மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும். சரிவுக்குக் குறுக்கே படுத்தால்தான் ராத்திரி முழுக்க ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டிருப்பீர்கள்.

பலரும் கூடாரம் போட்டுப் போட்டு இறுகிப்போன மொட்டைத்தரைகளைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். புதுப் புல்லை மிதிப்பதைவிட அங்கே போடுவதுதான் நல்லது. ஆனால் சிலது நாளடைவில் தட்டுபோலக் குழிந்திருக்கும். மண் இறுகிவிட்டதால் தண்ணீர் உறிஞ்சாது, மழை வந்தால் தட்டில் தேங்கும். நடுவில் காய்ந்த சேறு ஓடு ஓடாக வெடித்திருந்தால் அது குளம் கட்டும் இடம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம் என்று பழைய பழக்கத்தில் சிலர் சொல்வார்கள். வேண்டாம், மண் அரிப்பு அதிலிருந்துதான் தொடங்கும். வாய்க்கால் தேவைப்படாத தரையைத் தேடுங்கள்.

தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர், பெரியவர் நடையில் ஏறக்குறைய 80 எட்டு, தள்ளி இருங்கள். விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழி அது. உங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஆறு வயதுப் பிள்ளை. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் போய்விடும். கூடாரத்து வாசலில் தண்ணீர் இருந்தால், நீங்கள் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் முளை அடிக்கும்போதும் ஒரு கண் அங்கேயே இருக்க வேண்டும். மேலே தங்கினால் தண்ணீருக்குப் போவது என்பது எல்லோரும் சேர்ந்து கிளம்பும் ஒரு வேலையாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இரண்டாவது இடத்தைச் சொல்லியிருப்பேன்.

வாசல் எந்தப் பக்கம்? காட்சியைப் பார்த்து வைக்கத்தான் ஆசை வரும். காற்று வரும் திசையும் அதுவாக இருந்தால் விட்டுக்கொடுங்கள், வாசலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் காலை வெயில் முதலில் விழும் இடம் நல்லது, ஈரமும் சீக்கிரம் காயும். கோடை என்றால் கிழக்குப் பக்கம் மரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏழு மணிக்கே கூடாரம் வெந்நீர்ப் பானையாகிவிடும். மலைக்கு நடுவில் பொழுது சாய்வதையும் கணக்கில் வையுங்கள். கையை நேராக நீட்டி, நாலு விரலைக் கிடையாகச் சேர்த்து, சூரியனுக்கும் அதற்கு நேர் கீழே உள்ள மலை முகட்டுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம், நாலு விரல் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேர வெயில் பாக்கி. ஆழமான பள்ளத்தாக்கில் மதியம் தாண்டியதுமே வெயில் போய்விடும் இடங்கள் உண்டு. விளம்பரப் படத்தில் அது தெரியாது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் அந்த இடத்தின் மிக நல்ல மாதத்தில், மிக நல்ல மூலையிலிருந்து எடுத்தவை. முன்பதிவு செய்யும் முன் தொலைபேசியில் பேசிவிடுங்கள். இந்தப் படம் எந்த மாதம் எடுத்தது, நாங்கள் வரும் மாதத்தில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், பெருமழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ராத்திரியில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்குமா என்று கேளுங்கள். மழைத்தண்ணீர் கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் இடத்தைத் தெரிந்தவர். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்றால் இன்னும் கொஞ்சம் துருவுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தையும் உயரக் கோடுகளோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளோடு, திறந்து பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதரை. நெருக்கமான கோடுகளுக்கு நடுவே ஓடை இறங்கி, கோடுகள் சட்டென்று விசிறியாக விரியும் இடம்தான் நான் மேலே சொன்ன இடம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை பிள்ளைகள் நடக்கும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் பக்கத்து மனையாக வேண்டாம், கதவும் விளக்கும் தூங்க விடாது. எறும்புப் புற்று, விலங்குகள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை இரண்டையும் விட்டு விலகுங்கள். மழை வந்துவிட்டது என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். நான் பார்த்த மோசமான இடத்தேர்வுகள் ஏறக்குறைய எல்லாமே டார்ச் வெளிச்சத்தில் நடந்தவை. முதல் ராத்திரி சரியில்லை என்றால் மறுநாள் காலையில் நாலடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், மூன்று இரவு இருக்கிறது.

அப்புறம், அந்தக் காட்சி. முதல் நாள் காலையில் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு எழுந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரை மாட்டி, கையில் டார்ச் கொடுத்து, மடக்கு நாற்காலிகளோடு கரைக்கு இறங்குங்கள். பகல் காற்று எழும்புவதற்கு முன் அந்த ஒரு மணி நேரம்தான் ஏரி பெரும்பாலும் அலையில்லாமல் கிடக்கும். மலை முழுசாகத் தலைகீழாக அதற்குள் தெரியும். வெயில் ஏறி முதல் சிற்றலை அதைக் கலைக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.