வாடகைக் காரை எதுவரை கழுவலாம்?

வாகனப் பராமரிப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களைப் பற்றியவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மூன்று நாள்களுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு ராமேஸ்வரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் போய்வந்தோம். உள்ளே முழுவதும் கடல் மணல். பின் இருக்கையில் சாம்பார் கொட்டிவிட்டது. வண்டிக்குச் சாத்திய சாமந்தி மாலையின் இதழ்கள் முன்கண்ணாடியின் அடியில் சிக்கியிருக்கின்றன. நாளை மாலை வண்டியைத் திருப்பித் தர வேண்டும். முழு டீட்டெயிலிங் (உள்ளும் புறமும் ஆழமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுவது) செய்து கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். நம் வண்டியா என்ன, அப்படியே விடுங்கள் என்கிறான் என் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் தம்பி சொல்வது நியாயமில்லை, உங்கள் கணவர் சொல்வது தேவையில்லை. நீங்கள் வண்டிக்குள் கொண்டுவந்தவற்றை நீங்களே வெளியே எடுத்துவிடுங்கள். வண்டிக்கே உரிய பூச்சையோ துணியையோ பிளாஸ்டிக்கையோ தேய்த்து மாற்றாதீர்கள். சொந்தமில்லாத காரைச் சுத்தம் செய்யும்போது நான் பார்க்கும் எல்லை இதுதான்.

முதலில், துடைப்பதற்கு முன்பே வண்டியின் இன்றைய நிலையை உள்ளும் புறமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மணல். ஈரத் துணியை இப்போது எடுக்கக் கூடாது. கடல் மணலின் மேல் ஈரத் துணியை ஓட்டினால், அது உப்புத்தாள் போல டேஷ்போர்டையும் கதவின் உட்பக்கத்தையும் கீறிவிடும். மிதியடிகளை வெளியே எடுத்துத் தலைகீழாகத் தட்டுங்கள். ஏசித் துவாரங்கள், கியர் தண்டின் அடிப்பகுதி, இருக்கைகளின் தையல் ஓரங்கள் ஆகியவற்றில் உள்ள மணலைப் புதிய பெயின்ட் பிரஷ் ஒன்றால் தள்ளிவிட்டு, வாக்குவம் வைத்து இழுங்கள். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புத் தண்டவாளத்தை மறந்துவிடாதீர்கள். அங்கே தங்கும் மணல்தான் நாளடைவில் இருக்கையை நகரவிடாமல் செய்யும். வீட்டில் வாக்குவம் இல்லையென்றால், வாட்டர் வாஷ் கடையில் உள்பக்கத்தை மட்டும் இழுத்துத் தரச் சொல்லலாம்.

சாம்பார்க் கறையில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். துணி சோப்பையோ சலவைத் தூளையோ போட்டுத் தேய்த்தவுடன் மஞ்சள் கறை சிவந்துபோவதைப் பார்த்துப் பதறி, இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரம் பட்டால் செந்நிறமாக மாறும் தன்மையுடையது. கறை பெரிதாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்தெடுத்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளைக் குளிர்ந்த நீரில் கலந்து, வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இதில் போய்விடும். எஞ்சும் மஞ்சள் நிறத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் பொருள். ஆகவே நாளைக் காலை கதவைத் திறந்து வைத்து, கறை பட்ட இடத்தில் நேர் வெயில் சில மணி நேரம் விழும்படி வண்டியை நிறுத்துங்கள். பிளீச்சிங் திரவம் எதையும் தொடாதீர்கள். அது மஞ்சளோடு சேர்த்து இருக்கையின் நிறத்தையும் எடுத்துவிடும்.

இருக்கையின் அடியில் தண்ணீரைக் கொட்டவே கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். முன் இருக்கைகளின் கீழே மஞ்சள் நிற இணைப்பிகளோடு ஓடும் கம்பிகள் காற்றுப்பை அமைப்பைச் சேர்ந்தவை. அவற்றில் ஈரம் இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். அந்தப் பழுதின் செலவோடு ஒப்பிட்டால் சாம்பார்க் கறை ஒன்றுமேயில்லை.

மாலையின் இதழ்களைக் கையால் பொறுக்கி எடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தின் வழியாகத்தான் ஏசிக்கு வெளிக்காற்று போகிறது, மழைநீரும் வடிகிறது. அங்கே இதழ்கள் அழுகினால், அடுத்து வண்டியை எடுக்கும் குடும்பத்திற்குக் காரணம் தெரியாத நாற்றம் ஒன்று மிஞ்சும். பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தால், முதலில் நனைத்து ஊறவிட்டுப் பிறகு வழித்தெடுங்கள்.

வெளிப்பக்கத்திற்கு ஒரு சாதாரண வாட்டர் வாஷ் போதும். ஆனால் அடிப்பாகத்திலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லுங்கள். அரிச்சல்முனை வரை இருபுறமும் கடலை வைத்துக்கொண்டு ஓடும் சாலையில் உப்புக் காற்றும் ஈர மணலும் அடித்தட்டில் படியாமல் இருக்காது. மூன்று நாள் உப்பில் எந்த வண்டியும் துருப்பிடித்துவிடாது என்பது உண்மை. ஆனால் அதே வண்டி அடுத்த வாரம் இன்னொரு குடும்பத்தோடு இன்னொரு கடற்கரைக்குப் போகும். ஒவ்வொருவரும் அப்படி நினைத்தே விட்டுவிடுவதால்தான் வாடகைக் கார்கள் அடியிலிருந்து அரித்துப்போகின்றன. எஞ்சின் வாஷ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் எடுத்த வாடகைக் காரின் கதவில் மெல்லிய கீறல் ஒன்றும், கீழ்ப்பகுதியில் தார்ப் புள்ளிகளும் உள்ளன. ரப்பிங் போட்டு பாலிஷ் செய்தால் இரண்டுமே தெரியாமல் போகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தாரை எடுக்கலாம், கீறலைத் தொடாதீர்கள். தார்ப் புள்ளியின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைத்தால் இளகி வந்துவிடும். பிறகு கார் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடுங்கள். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம்.

ரப்பிங் என்பது அழுக்கு நீக்கும் வேலை அன்று. பூச்சின் மேற்பகுதியைச் சீவி, கீறலின் ஆழத்திற்குச் சுற்றியுள்ள இடத்தையும் இறக்கும் வேலை. காரின் மேல் உள்ள மொத்தப் பூச்சே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும். அதை எத்தனை முறை, எவ்வளவு சீவலாம் என்று தீர்மானிக்கும் உரிமை வண்டிக்காரருக்கு மட்டுமே உண்டு. மேலும், கீறலை மறைக்க முயன்ற அடையாளம் தெரிந்தால், அது ஏற்கெனவே இருந்த கீறலாக இருந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். வண்டியை எடுத்தபோது கீறல் இருந்ததா என்று உங்கள் படங்களில் பாருங்கள். இருந்திருந்தால் படத்தைக் காட்டுங்கள், உங்கள் கையில் பட்டதென்றால் சொல்லிவிடுங்கள். சொன்னால் காப்பீட்டின் வழியாகவோ ஒப்பந்தத்தில் குறித்த தொகையோடோ முடிவதற்கு வாய்ப்புண்டு.

கேள்வி: கழுவித் துடைத்துத்தான் காரை ஒப்படைத்தேன். இரண்டு நாள் கழித்து, உள்பக்கம் அசுத்தம் என்று சொல்லி என் முன்பணத்தில் 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: அவர்கள் சொன்னபடியே முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு, எந்த நிலைக்கு அது பொருந்தும் என்று அதில் தெளிவாக இருந்தால், அந்த நிலையில் வண்டி இருந்ததா என்பது மட்டுமே கேள்வி. பொதுவான சட்டம் உங்களிடம் அளவுக்கு மீறி எதையும் எதிர்பார்க்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவில், பிறர் பொருளைப் பெற்று வைத்திருப்பவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. காலில் ஒட்டிவந்த சிறிது மண், சாலைத் தூசு போன்றவை வாடகை ஓட்டத்தோடு வருபவை. அவற்றுக்கெல்லாம் தனிக் கட்டணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாந்தி, சிகரெட் நாற்றம், இருக்கையில் கறை என்றால் விஷயம் வேறு.

எந்த நாளில் எடுத்த எந்தப் படத்தின் அடிப்படையில் பணம் பிடிக்கப்பட்டது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். ஒப்படைத்த நேரத்தில் நீங்கள் எடுத்த படங்களை அதனோடு இணையுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. ஒப்படைக்கும் இடத்தில் ஊழியர் யாரும் இல்லாமல் சாவியை வைத்துவிட்டு வரும் ஏற்பாடு என்றால், கதவுகள் நான்கையும் திறந்து வைத்து ஒரே வீடியோவாக எடுத்துவிட்டு வருவதை நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

கேள்வி: மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. இருக்கையும் சீட் பெல்ட்டும் நனைந்துவிட்டன. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உடனே துடைத்திருப்பீர்கள், நாற்றத்திற்குத்தான் வழி வேண்டியிருக்கும். குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் வெந்நீர் பட்டால் வாந்தியில் உள்ள பால் போன்றவற்றின் புரதம் துணியில் இறுகிவிடும். ஒற்றி எடுத்த பிறகு சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் வாக்குவம் வைத்து இழுங்கள். பெல்ட்டை முழு நீளத்திற்கு வெளியே இழுத்து, திரும்பிப் போகாதபடி ஒரு கிளிப் போட்டு நிறுத்தி, மிதமான சோப்பு நீரால் துடையுங்கள். பிளீச்சும் வீரியமான ரசாயனங்களும் அதன் இழைகளை வலுவிழக்கச் செய்யும். முழுவதும் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்காதீர்கள். வெயிலில் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும்.

கேள்வி: மாதச் சந்தா முறையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு காரை எடுத்திருக்கிறேன். செராமிக் கோட்டிங் போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: செராமிக் கோட்டிங் என்பது பூச்சைக் காக்க அதன் மேல் போடும் ஒரு திரவப் படலம். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதைப் போட வேண்டாம். கோட்டிங் போடுவதற்கு முன் பூச்சைப் பாலிஷ் செய்து இறக்குவது வழக்கம். மேலே சொன்ன அதே சிக்கல் இங்கும் வருகிறது. அனுமதி கிடைத்தாலும், திருப்பித் தரப்போகும் வண்டிக்கு அந்தச் செலவு உங்களுக்குத் திரும்பி வராது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை கையால் தடவும் மெழுகு போதுமானது. உங்கள் கவலை பூச்சைப் பற்றியது என்றால், அதைவிடப் பயன் தரும் வேலை ஒன்று இருக்கிறது: ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவினால், அது வெயிலில் தானாகக் காய விடாமல் நிழலில் நிறுத்தி உடனே துடைத்துவிடுங்கள். அந்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்து அவற்றை எடுக்கப் பாலிஷ் ஒன்றே வழி என்றாகிவிடும்.